என் மகள் பாஸ் சொல்லவில்லை

என் அண்ணன் சொன்ன வார்த்தைகளை முதலில் சரியாக எழுதிவிடுகிறேன். பின்னால் அவரே அதைப் பல விதமாக மாற்றிச் சொன்னார். சொந்தக்காரர்கள் இன்னும் மாற்றினார்கள். செக்கிங் செக்‌ஷனில், எல்லோரும் வேலையை நிறுத்திவிட்டு நின்றுகொண்டிருந்தபோது, அவர் சொன்னது இது: "என்ற தங்கச்சி புள்ளதானுங்க பாத்துச்சு. டாக்டருக்குப் படிக்கிற புள்ள. ஒண்ணுமில்லீன்னு பாஸ் பண்ணுச்சு. நாம என்னங்க பண்றது?"

நான் அவருக்குக் கை எட்டும் தூரத்தில் நின்றிருந்தேன். என் மகள் அப்படிச் சொல்லவில்லை. அது அவருக்கும் தெரியும்.

அன்றன்று நடந்ததை அன்றன்றே எழுதி வைக்கும் பழக்கம் எனக்குக் கல்யாணத்துக்கு முன்பிருந்தே உண்டு. அதில் பெரிதாக எதுவும் இருக்காது. என்ன சமைத்தேன், யார் வந்தார்கள், எந்த ஆர்டர் எந்த நிலையில் இருக்கிறது என்பதுதான். ஆனால் ஒருவர் சொன்னதை எழுதினால் சொன்னபடியே எழுதுவேன். இதையும் அப்படியே எழுதுகிறேன்.

நெருப்பெரிச்சலில் அண்ணன் நடத்தும் பனியன் கம்பெனியில் ஃபைனல் செக்கிங் என் பொறுப்பில் இருந்தது. இந்தத் தொழில் தெரியாதவர்களுக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். பெட்டியில் அடுக்கிய சரக்கைப் பார்க்க, அதை வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆள் வரும்போது எல்லாப் பீஸையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அங்கொரு பெட்டி இங்கொரு பெட்டி இழுத்து, அதிலிருந்து சில பீஸ்களை எடுத்து விரிப்பார். குறை ஓர் அளவுக்குள் இருந்தால் மொத்த லாட்டும் பாஸ். ஆனால் அதற்கு முன்னால், எங்கள் டேபிளில், ஒவ்வொரு பீஸும் ஒருத்தியின் கண்ணில் பட்டாக வேண்டும். நல்லது ஒரு பக்கம், ஓட்டை விழுந்தது ஒரு பக்கம், சந்தேகமானது தனியாக. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அண்ணன்தான் பக்கத்தில் நின்று இதைச் சொல்லிக்கொடுத்தார். "சந்தேகம்னு வந்துட்டா பாஸ் பக்கம் போட்றாத அம்மணி. தனியா வை. வெளிச்சத்துல இன்னொருக்காப் பாரு." அந்த வேலையை நான் ஒழுங்காகச் செய்தேன் என்றால் அது அவர் பழக்கிவிட்டது.

என் மகள் வெளி மாவட்டத்தில் ஒரு மருத்துவக் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். முதல் வருடம் முழுக்கப் புத்தகமும் பிணமும். இரண்டாம் வருடத்தில்தான் வார்டுக்குள் விட்டார்கள். அந்த வாரம் போனில் அவள் குரலே வேறாக இருந்தது. "அம்மா, ஒரு தாத்தா அவராவே கையை நீட்டி, புடிச்சுப் பாரு கண்ணுன்னாரும்மா. நாடி எனக்கு ஒடனே கெடைச்சிருச்சு." அடுத்த வாரம் விடுதியைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். ஊரடங்கு.

அப்போது எங்கள் ஊர் ராயபுரத்து வீட்டில் நானும் அவளும் மட்டும்தான். என் கணவர் கணியூரில் தோப்பையும் வயதான பெற்றோரையும் பார்த்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். மகளின் கல்லூரி, பவுடர் டப்பாவில் சாய்த்து வைத்த போனுக்குள் வந்தது. ஆசிரியர் ஒரு படத்தைக் காட்டி, "வலது கையை இங்கே வையுங்கள், நோயாளியை மூச்சை இழுக்கச் சொல்லுங்கள்" என்பார். நோயாளி நான்தான். கட்டிலில் மல்லாந்து படுக்க வேண்டும்.

"அம்மா, மூச்சை இழு."

"கொழம்பு அடி புடிக்குது."

"பேசண்டு பேசக் கூடாது."

"பேசண்டுக்கு அடுப்புல வேலை கெடக்குது."

என் ஈரல் அவள் கைக்கு அகப்படவேயில்லை. அகப்படாமல் இருப்பதுதான் சரி என்று பிறகு சொன்னாள். "உன்ற ஒடம்புல ஒரு நோவும் இல்ல. நீ எதுக்கும் பிரயோசனமில்ல" என்று அலுத்துக்கொண்டாள். என் முதுகில் ஒரு விரலை வைத்து இன்னொரு விரலால் தட்டித் தட்டிப் பார்ப்பாள். போரடித்தால் அரிசி டிரம்மைத் தட்டி அரிசி எதுவரை இருக்கிறது என்று சொல்வாள். டிரம்மில் சரியாகச் சொல்லிவிடுவாள்.

நெஞ்சில் சளி கட்டி நுரையீரல் கெட்டுப்போனால் மூச்சை இழுக்கும்போது கடைசியில் ஒரு சத்தம் வருமாம். ஆசிரியர் அதைப் பதிவு செய்து அனுப்பியிருந்தார். இயர்போனில் வெறும் இரைச்சலாகக் கேட்டது. வெல்க்ரோ ஒட்டுப் பட்டையைப் பிரிக்கிற மாதிரி இருக்கும் என்று யாரோ சொல்ல, கம்பெனி ஸ்டோரிலிருந்து நான் ஒரு முழம் கொண்டுவந்து கொடுத்தேன். காதோரம் வைத்து மெதுவாகப் பிரித்துப் பிரித்துக் கேட்டுக்கொண்டிருப்பாள். ஒருநாள் கேட்டாள், "நெசமான நெஞ்சுல வந்தா இதுதான்னு எனக்குத் தெரியுமாம்மா?"

அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். ஒருவரையும் தொடாமலே டாக்டராகிவிடுவோமோ என்ற பயம். இடையில் கொஞ்ச காலம் கல்லூரி திறந்தது. வார்டெல்லாம் கொரோனா வார்டாக இருந்ததால் மாணவர்களை உள்ளே விடாமல் பொம்மையை வைத்துப் பாடம் நடத்தினார்கள். தேர்வு வந்தது, தேறினாள், அடுத்த வருடத்துக்குப் போனாள். வார்டுப் பயிற்சி முடிந்தது என்று காகிதத்தில் இருந்தது. "எங்களையும் லாட்டாத்தான் பாஸ் பண்றாங்கம்மா" என்று சிரித்தாள். இரண்டாம் அலை வந்ததும் மறுபடி வீட்டுக்கு வந்தாள்.

அண்ணன் வந்தது அப்போதுதான். ஏற்றுமதி கம்பெனிகள் பாதி ஆட்களோடு ஓடலாம், ஆனால் வாசலில் காய்ச்சல் பார்க்க வேண்டும், உடம்பு சரியில்லாதவர்களைத் தனியாக வைக்க வேண்டும் என்று பேச்சு. பையர் தரப்பிலும் அதையே கேட்டார்களாம். மாஸ்க்கைத் தாடைக்கு இறக்கிவிட்டு எங்கள் கட்டிலில் உட்கார்ந்தார்.

"ஏங்கண்ணு, எந்நேரமும் போனையே பாத்துட்டுக் கண்ணக் கெடுத்துக்கறே. நம்ம கம்பெனிக்கு வா. ஆளுக அத்தன பேரு இருக்கறாங்க. அத்தன பேரும் உனக்குப் பேசண்டுதான்."

"நான் இன்னும் டாக்டர் ஆகலீங்க மாமா."

"உன்னைய ஆரு டாக்டர்னாங்க? பெரிய டாக்டர் ஒருத்தரு நெதமும் காலைல வந்து உக்காருவாரு. பேசியாச்சு. நீ பக்கத்துல நின்னு கத்துக்க. உன்ற காலேஜுல கெடைக்காதது மாமன் கம்பெனில கெடைக்குது, சும்மாவா?"

நான் கேட்டேன், "அந்த டாக்டர் நெசமா நெதமும் வருவாருங்ளாண்ணா?"

"எம்மேல நம்பிக்கை இல்லையா அம்மணி?"

நம்பிக்கை இருந்தது. மகளுக்குக் காது குத்தியது அவர் மடியில் வைத்துத்தான். மருத்துவம் படிக்க வேண்டும் என்று அவள் சொன்னபோது என் கணவரே தயங்கினார். "படிக்கட்டும் மாப்ளே, நம்ம கூட்டத்துல ஒரு டாக்டர் வேண்டாமா" என்று பேசி முடித்தவர் அண்ணன். மகள் என் முகத்தைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

முதல் நாள் பெரிய டாக்டர் வந்தார். டீ குடித்தார். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கிளிப்பை எப்படிப் பார்ப்பது, எந்த அளவுக்குக் கீழே போனால் பயப்பட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் வரவில்லை. "போன்லயே இருக்கறாராமா, சந்தேகம்னாக் கேளு" என்றார் அண்ணன். அதற்கடுத்த நாள்களில் போனையும் எடுக்கவில்லை. மேஜைமேல் 'மருத்துவ அலுவலர்' என்று ஒரு பலகை வந்து உட்கார்ந்தது. மகள் அதைத் திருப்பி வைத்தாள். மறுநாள் காலை அது நேராக இருந்தது. அன்று கம்பெனி ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து, பையருக்கு அனுப்ப அவளையும் பலகையையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டு போனார்.

முதலில் எல்லோரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள். தையல் லைன் ஓடத் தாமதமாயிற்று. அண்ணன் வாசலுக்கு வந்தார்.

"கண்ணு, லைனுக்கு நாலு பேரப் பாரு. நாலும் சரியா இருந்தா லைனே சரி. உங்கம்மாளக் கேளு, ஏத்துமதியே அப்படித்தான் நடக்குது."

"பனியன்ல இருந்து பனியனுக்கு ஓட்டை பரவாதுங்க மாமா."

வாசலில் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். நானும், "அது துணிங்கண்ணா, இவங்க ஆளுக" என்றேன். அவரும் சிரித்தார். "அம்மாளும் மகளும் ஒரே கட்சி" என்று போய்விட்டார். அதன் பிறகு மகள் சங்கு ஊதுவதற்கு வெகு முன்பே கம்பெனிக்குப் போய் நின்று எல்லோரையும் பார்த்து முடித்தாள்.

அந்த நாள்களில் அவள் சந்தோஷமாக இருந்தாள் என்பதையும் எழுத வேண்டும். ஒடிசாக்காரப் பையன்கள் அக்கா என்பதை 'தீதி' என்று கூப்பிட்டு, கேட்காமலே நாக்கை நீட்டிக் காட்டுவார்கள். பெண்கள் காய்ச்சலைத் தவிர மற்றதையெல்லாம் சொல்வார்கள், கால் வீக்கம், வெள்ளைப்படுதல், தூக்கமின்மை. பேக்கிங்கில் ஒரு அம்மாவின் முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபோது என் மகளுக்கு முதல்முறையாக நிஜமான ஆஸ்துமா இழுப்புக் கேட்டது. அந்த அம்மாவுக்கு வெகு நாளாக இருக்கிற இழுப்புதான். ஆனால் யாரும் சொல்லாமல் இவளே கண்டுபிடித்தாள். அன்று வீட்டுக்கு வந்து, "அப்படியே பூனக்குட்டி கத்தற மாதிரிம்மா" என்று சொல்லிச் சொல்லி நாலு தோசை தின்றாள்.

என் டேபிளில் தெற்கத்திப் பெண் ஒருத்தி வேலை செய்தாள். கணவனையும் பிள்ளைகளையும் ஊரில் விட்டுவிட்டு இங்கே வரிசையாகக் கட்டிய லைன் வீட்டில் வாடகைக்கு இருந்தாள். வாய் ஓயாது. ஒரு சனிக்கிழமை சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மூடி வைத்தாள்.

"யக்கா, உங்க ஊரு சாம்பாருதான் ருசியில்லன்னு இத்தன வருசமா சொல்லிட்டு இருந்தேன். இன்னைக்குக் காப்பியும் அப்படித்தான் இருக்கு, ஊறுகாயும் அப்படித்தான் இருக்கு. உங்க ஊர்த் தண்ணி என் நாக்கையே மாத்திருச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். நான் மகளைக் கூப்பிட்டு அனுப்பினேன்.

பட்டன், ஜிப், லேபிள் வைக்கும் அக்சசரீஸ் ஸ்டோரை ஒட்டி ஒரு தடுப்பு. அதற்குப் பின்னால் ஒரு ஸ்டூல். அதுதான் அவளுடைய அறை. அந்தப் பெண் என்னையும் கூடவே நிற்கச் சொன்னாள். கிளிப்பை மாட்டியபோது ஆக்சிஜன் கொஞ்சம் குறைவாகக் காட்டியது. பேக்கிங் ஹால் முழுக்க நடந்து திரும்பி வரச் சொல்லி மறுபடி மாட்டினாள். இன்னும் இறங்கியிருந்தது. அந்தப் பெண்ணின் விரல்களில் மருதாணி. கொஞ்சமாக இருந்த வேறு விரலில் மாட்டிப் பார்த்தாள். அப்போதும் ஏறவில்லை. பிறகு நெஞ்சைக் கேட்க ஆரம்பித்தாள். தடுப்புக்கு அந்தப் பக்கம் ஆண்கள் பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ரவிக்கையைத் தளர்த்த அவள் ஒப்பவில்லை. துணிமேல்தான் வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. தலைக்குமேல் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் இரைந்தது. மகள் கண்ணை மூடிக்கொண்டு முதுகில் ஓர் இடம் விடாமல் வைத்து வைத்துக் கேட்டாள். பிறகு என்னைத் தள்ளி அழைத்துப்போய்ச் சொன்னாள்: "கடைசியில என்னமோ கேக்குதும்மா. அந்தச் சத்தமா, துணி ஒரசறதா, எனக்குத் தெரியல."

இருவரும் அண்ணனின் அறைக்குப் போனோம். அங்கே பேசியது இது.

"மாமா, எனக்குச் சந்தேகமா இருக்குதுங்க. நடந்தா ஆக்சிஜன் எறங்குது. அவங்கள இன்னிக்கே பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிப் படம் எடுக்கோணும். அந்த டேபிள்ல இருக்கறவங்கள எல்லாம் தனியா வெக்கோணும்."

"சந்தேகந்தானே? உறுதியாச் சொல்லு கண்ணு. இருக்குதா, இல்லையா?"

"உறுதியாச் சொல்ல முடியலீங்க மாமா. அதனாலதான் அனுப்பச் சொல்றேன்."

"மருதாணி வெச்ச கையில மிசின் தப்பாக் காட்டும்னு நேத்து நீதானே சொன்னே?"

அது உண்மை. வாசலில் ஒருத்திக்கு அவள் விளக்கிக்கொண்டிருந்தபோது அவர் பக்கத்தில் நின்றிருந்தார். மகள் தடுமாறினாள். "சொன்னனுங்க. ஆனா வேற வெரல்லயும்..."

"அப்புறமென்ன? இந்நேரத்துக்கு டேபிளக் கலைச்சா இன்னிக்குக் கண்டெய்னர் ஏறாது. மாத்திரை குடு. ஏறுனதும் நானே கார்ல கூட்டிட்டுப் போறேன்."

நான் சொன்னேன், "சந்தேகம்னாத் தனியா வைன்னு நீங்கதானுங்ணா சொல்லிக்குடுத்தீங்க."

"அது பீஸு அம்மணி" என்றார்.

மகள் அங்கேயே நின்று பெரிய டாக்டருக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. "நெசமாக் கூட்டிட்டுப் போவீங்ளா மாமா?" என்று கேட்டாள். அவர் அவள் தலையில் கை வைத்தார். "உன்ற மாமன் சொல்றேன், போ" என்றார். கண்டெய்னர் ஏறுவதற்கு முன்பே நாங்கள் வீட்டுக்கு வந்துவிட்டோம்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை முழு ஊரடங்கு. மகள் காலையிலேயே அவருக்குப் போன் செய்தாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன். "எல்லாம் பாத்தாச்சு கண்ணு. நீ நிம்மதியாப் படி" என்றார். அவளும் நிம்மதியாகப் படித்தாள்.

திங்கட்கிழமை போனபோது செக்கிங்கில் யாரும் வேலையைத் தொடவில்லை. அந்தப் பெண் லைன் வீட்டில் மூச்சு விட முடியாமல் திணறி, பக்கத்து அறைக்காரர்கள் ஆம்புலன்ஸுக்குச் சொல்லி, இப்போது ஆஸ்பத்திரியில் ஆக்சிஜனில் இருக்கிறாள் என்றார்கள். சனிக்கிழமை யாரும் அவளை எங்கும் கூட்டிப் போகவில்லை. 'டாக்டர் புள்ள பாத்து ஒண்ணுமில்லீன்னுருச்சு' என்று அண்ணனே அவளிடம் சொல்லி, மாத்திரை கொடுத்து, கண்டெய்னர் ஏறும் வரை டேபிளில் நிற்க வைத்திருக்கிறார். அவளே அறைக்குப் போய் அடுத்த அறைக்காரியிடம் சந்தோஷமாகச் சொன்னாளாம், எனக்கு ஒன்றும் இல்லையாம் என்று.

ஆட்கள் கோபமாக இருந்தார்கள். பாதிப் பேர் ஊருக்குக் கிளம்பிவிடுவோம் என்றார்கள். அண்ணன் வந்து நின்றார். முதலில் எழுதிய வார்த்தைகளைச் சொன்னார். கோபமில்லாமல், வருத்தப்படுகிற குரலில் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

நான் எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னேன். "அண்ணா, அவ அப்படிச் சொல்லலீங்ணா. அனுப்பச் சொன்னா. நானும் கூடத்தான் இருந்தேன்."

அவர் என் தோளில் கை வைத்தார். "பெத்தவ அப்படித்தானுங்க சொல்லுவா. விடுங்க. சின்னப் புள்ள, தெரியாமப் பண்ணிருச்சு. அந்தம்மா செலவு பூரா நான் பாத்துக்கறேன்."

அவ்வளவுதான். என்னைப் பார்த்த முகங்களில் பரிதாபம் வந்துவிட்டது. கோபம் எங்கேயோ போய்விட்டது. பேக்கிங்கிலிருந்து யாரோ, "படிக்கிற புள்ளையக் கொண்டாந்து உக்கார வெச்சா இப்படித்தான் ஆகும்" என்றார்கள். அதுவும் அண்ணனைத் திட்டியதாக எனக்குத் தோன்றவில்லை. மெஷின்கள் ஓட ஆரம்பித்தன. தடுப்புக்குப் பின்னால் என் மகள் நின்றிருந்தாள். அவளுக்கு எல்லாம் கேட்டிருந்தது.

வீட்டுக்கு வந்து அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு என்ன செய்வதென்று தெரிந்திருக்கும். கையை ரொம்ப நேரம் கழுவிக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்: "நான் உறுதியாச் சொல்லியிருந்தா மாமா அனுப்பியிருப்பாருல்லம்மா?"

"அனுப்பியிருக்க மாட்டாரு."

"அனுப்பியிருப்பாரு. உறுதியாச் சொல்லுன்னுதானே கேட்டாரு? எனக்குத்தான் சொல்லத் தெரியல."

கணவருக்குப் போன் செய்து சொன்னேன். அவர் முழுக்கக் கேட்டார். "உன்ற அண்ணன எனக்குத் தெரியாதா? இருந்தாலும் பெருசு பண்ணாத. நாளைக்குப் புள்ளைக்கு ஒரு நல்லது நடந்தா மாமன் வந்து நிக்காம நடக்குமா?" என்றார். அதோடு தோப்பில் வேலை செய்யும் ஆளிடம் எதையோ சொல்லப் போனை வைத்துவிட்டார்.

நான் அந்த மாதமே வேலையை விட்டேன். ஆனால் விடுவதற்கு முன் அந்தப் பெண் திரும்பி வந்துவிட்டாள். பாதியாக இளைத்திருந்தாள். படி ஏறினால் நின்று நின்றுதான் ஏறினாள். அண்ணன் அவளுக்கு உட்கார்ந்து லேபிள் எண்ணும் வேலை கொடுத்திருந்தார். அவளைப் பார்க்கப் போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"யக்கா, ஒண்ணும் நெனைக்காதீங்க. நான் மனசுல வச்சுக்கல. சின்னப் பிள்ளதானே, அதுக்கு என்ன தெரியும்? பிள்ளைய நான் ஏசுனேன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க."

"அவ உங்கள அனுப்பச் சொன்னாளுங்க. சனிக்கிழமையே சொன்னா. எங்கண்ணன்தான் அனுப்பல."

அவள் என்னை ரொம்பப் பிரியமாகப் பார்த்தாள். "மொதலாளி தெனமும் ஆஸ்பத்திரிக்குச் சாப்பாடு குடுத்தனுப்புனாருக்கா. எங்க வீட்டுக்காரரக் கார் வச்சுக் கூட்டியாந்தாரு. அவரப் போயி..." என்று நிறுத்திக்கொண்டாள். என் மகள் செய்யாத தப்புக்கு அவள் மன்னிப்புக் கொடுத்துவிட்டாள். அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

கல்லூரி திறந்தது. இம்முறை நிஜமான வார்டு, நிஜமான நோயாளிகள். விட்டுப்போனதை எல்லாம் சேர்த்து ஓட்டமாக நடத்தினார்கள். அவள் காத்திருந்தது இதற்குத்தான். ஆனால் போனில் அவள் நோயாளிகளைப் பற்றிச் சொல்வதில்லை. மெஸ் சாப்பாட்டைப் பற்றிச் சொன்னாள். மழையைப் பற்றிச் சொன்னாள். நானாகக் கேட்டால், "பாத்தேன், கூட இருந்த பொண்ணையும் கேட்டுப் பாக்கச் சொன்னேன், அவதான் சொன்னா" என்பாள். எப்போதும் கூட இருந்த பொண்ணுதான் சொன்னாள்.

கடைசி வருடம் முடிந்து பயிற்சி டாக்டராக ஆஸ்பத்திரியில் நின்ற வருடத்தில் ஒரு சீனியர் எல்லோர் முன்னாலும் அவளைக் கேட்டாராம், எதற்குமே ஒரு முடிவு சொல்ல மாட்டாயா என்று. ஒரு நோயாளியின் மகன் வேறு, "நீங்க கொரோனா சமயத்துல போன்ல படிச்சுப் பாஸானவங்களா?" என்று கேட்டிருக்கிறார். இதை அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அவளோடு படித்த எல்லோரிடமும் யாராவது இப்படிக் கேட்டிருக்கிறார்கள். மற்றவர்கள் கோபப்பட்டார்களாம். "நீ என்ன சொன்னே?" என்று கேட்டேன். "ஆமாங்கன்னு சொன்னேன்" என்றாள்.

மேல்படிப்புக்கு அவள் தேர்ந்தெடுத்தது ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பிரிவு. நோயாளியின் உடம்பிலிருந்து எடுத்த சதைத் துணுக்கையும் ரத்தத்தையும் கண்ணாடிச் சில்லில் வைத்துப் பார்த்து என்ன நோய் என்று எழுதிக் கொடுக்கும் வேலை. நல்ல படிப்பு. அது இல்லாமல் எந்த ஆஸ்பத்திரியும் ஓடாது. அதை விரும்பி எடுப்பவர்களும் உண்டு. என் மகள் விரும்பி எடுக்கவில்லை. நாடி கிடைத்தது என்று போனில் கத்தியவள் அவள்.

இடம் கிடைத்த செய்தி கேட்டு அண்ணன் வீட்டுக்கு வந்தார். அண்ணியோடு, சேலையும் பழமும் வைத்த தட்டோடு, தாய்மாமன் முறைப்படி வந்தார். என் கணவரும் கணியூரிலிருந்து வந்திருந்தார். நடுவில் இந்த வருடங்களில் விசேஷ வீடுகளில் அண்ணனும் நானும் பார்த்துக்கொண்டோம், அளவாகப் பேசிக்கொண்டோம். அந்த நாளைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"ஏங்கண்ணு, படிச்சு முடிச்சதும் நம்ம கம்பெனி பக்கத்துலயே ஒரு கிளினிக்கு போட்டுத் தர்றேன்" என்றார்.

"நான் ஆளுகளப் பாக்கற டாக்டர் இல்லீங்க மாமா. லேபுக்குள்ளதான்."

"அப்படியா? அதுவும் நல்லதுதான். பொம்பளப் புள்ளைக்கு ரோதனை இல்ல. ஒருத்தரும் வந்து ஒரு கேள்வி கேக்க முடியாது."

அவர் இதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மனசாரச் சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அண்ணி தட்டை நீட்டினாள். நான் வாங்கவில்லை. பிறந்த வீட்டுத் தட்டை வாங்காமல் நிற்பது எங்கள் பக்கத்தில் உறவை அறுத்துக்கொள்வதற்குச் சமம். என் கணவர் என் பெயரைச் சொல்லி அதட்டினார்.

"அன்னிக்கு இவ உங்ககிட்ட என்ன சொன்னான்னு இவ முன்னால ஒருக்காச் சொல்லுங்ணா. அப்புறம் வாங்கிக்கறேன்."

அண்ணன் உண்மையாகவே யோசிப்பவர் போல நின்றார். "எத்தன வருசமாச்சு அம்மணி. எனக்கு மறந்தே போச்சு." பிறகு மகளிடம் திரும்பினார். "உனக்கு ஞாபகம் இருக்குதா கண்ணு?"

"சந்தேகமா இருக்குதுன்னு சொன்னனுங்க மாமா. உறுதியாச் சொல்லல."

"பாத்தியா, அவளே சொல்றா."

மகள் முன்னால் வந்து இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். அவர்கள் காலில் விழுந்து எழுந்தாள். நான் சமையலறைக்குப் போனேன். அவள் தட்டை வைக்க உள்ளே வந்தாள்.

"ஏங்கண்ணு இப்படிச் சொன்னே? அனுப்பச் சொன்னதயும் சொல்லியிருக்கலாமில்ல?"

"எனக்குக் கேட்டது துணிச் சத்தமோ என்னமோம்மா. இன்னி வரைக்கும் எனக்குத் தெரியல. மாமா பொய் சொன்னாருன்னு நான் எப்படிச் சொல்றது?"

"துணியில்ல. அந்தம்மாளுக்கு நெஞ்சு கெட்டுப்போயிருந்துச்சு. படத்துலயே வந்துச்சு. நீ கேட்டது சரி."

"அது படம் எடுத்தப்புறம் தெரிஞ்சது" என்றாள். எனக்குப் பதில் சொல்லும் குரல் அது இல்லை, ஒரு கணக்கைச் சரிபார்க்கும் குரல். அவளுக்கு அவர்மேல் கோபமே இல்லை என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அன்று செக்கிங்கில் நின்ற அத்தனை பேரைப் போல அவளும் அவரை நம்பியிருந்தாள்.

அண்ணன் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார். நான் சமையலறையை விட்டு வரவில்லை. இலை போட்டு, பரிமாறி, இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றட்டுங்களா மாமா என்று கேட்டது அவள்தான்.